நண்டு அல்லாத நண்டு
நீலக்குருதிப் பெலங்காசும் அதனை ஆராய்ந்த அறிஞர்களும்

ஒரு பொருளுக்குப் பெயர் வைப்பதில் பிழை நேர்ந்தால், அப்பொருளைப் பற்றிய அறிவிலும் பிழை புகுந்துவிடும். இதற்குச் சான்று தேடி நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. ஜோகூர் நீரிணையின் சேற்றுக்கரையில் கடல் வற்றும் நேரத்தில் சற்று நின்று பார்த்தாலே போதும். கவிழ்த்து வைத்த சட்டியைப் போன்ற ஓடும், ஈட்டியைப் போன்ற நீண்ட வாலும் கொண்ட ஓர் உயிர் சேற்றைக் கீறிக்கொண்டு மெல்ல ஊர்ந்து செல்வதைக் காணலாம். அதன் முன்பக்க ஓடு குதிரையின் லாடத்தை ஒத்திருப்பதால் ஆங்கிலேயர் அதனைக் 'குதிரை லாட நண்டு' என்றனர். நாமும் அப்பெயரை அப்படியே மொழிபெயர்த்து வழங்குகின்றோம்.

ஆனால் இவ்வுயிர் குதிரையோடு தொடர்பில்லாதது போலவே நண்டோடும் நெருங்கிய தொடர்பில்லாதது. இதனை நன்கு உணர்ந்தவர்கள் போலும் இக்கடற்கரைகளில் வாழ்ந்த மலாய் மீனவர்கள். அவர்கள் இதற்கு இட்ட பெயர் 'பெலங்காஸ்'. நண்டைக் குறிக்கும் 'கெத்தாம்' என்னும் சொல் இப்பெயரில் இல்லை. சீன மொழியிலும் இவ்வுயிருக்கெனத் தனிச்சொல்லும் தனி எழுத்தும் உண்டு. உடன் வாழ்ந்து பழகிய மக்கள் தனிப்பெயர் தந்தனர். தொலைவிலிருந்து வந்து கண்டவர்கள் தாம் அறிந்த நண்டின் பெயரை ஒட்டவைத்தனர். ஆகவே இக்கட்டுரையில் நாமும் பெலங்காஸ் என்ற பெயரையே கையாளுவோம்.

மருத்துவமனையில் ஊசி போட்டுக்கொண்டவர் எவராயினும், அவர் இந்த உயிருக்குக் கடன்பட்டவர் ஆகலாம். அக்கடன் எவ்வாறு வந்தது, அதனைத் தீர்க்கும் வழி யாது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

உருவும் உறுப்பும்

உலகில் இன்று பெலங்காஸ் வகைகள் நான்கே உள்ளன. ஒன்று வட அமெரிக்காவின் கிழக்குக் கரையில் வாழ்வது. ஏனைய மூன்றும் ஆசியாவுக்கு உரியவை. அவற்றுள் மிகப் பெரியதான முக்கூர் வகை, ஜப்பான், சீனா ஆகிய நாடுகளின் கரையிலிருந்து போர்னியோ வரை காணப்படுகிறது. மற்ற இரண்டும் வங்காள விரிகுடாவின் ஒரிசாக் கரை தொடங்கித் தென்கிழக்காசியக் கடல் வரை பரவியுள்ளன. சிங்கப்பூரிலும் தீபகற்ப மலேசியாவிலும் நாம் காண்பவை இவ்விரண்டுமே. ஒன்று மணற்கரையை நாடும் கடற்கரைப் பெலங்காஸ். மற்றது சதுப்பு நிலத்துக் கண்டல் காடுகளின் சேற்றை நாடும் கண்டற் பெலங்காஸ்.

இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறிவது எளிது. வாலை உற்று நோக்க வேண்டும். குறுக்கே வெட்டினால் முக்கோணமாகத் தோன்றும் வால் கடற்கரை வகைக்கு உரியது. உருண்டையாக இருப்பது கண்டல் வகைக்கு உரியது. கண்டல் வகையின் விலங்கியற் பெயரே 'உருண்டை வாலுடையது' என்னும் பொருளைத் தருவதாகும்.

வாலைக் கண்டு பலர் அஞ்சுவதுண்டு. தேளின் கொடுக்கைப் போல அது கொட்டும் என்று எண்ணுவர். அது தவறு. அவ்வாலில் நஞ்சில்லை. அலையில் புரண்டு மல்லாந்து விழுந்தால், வாலை நிலத்தில் ஊன்றி உடலை நிமிர்த்திக்கொள்ளவே அது பயன்படுகிறது. ஆகையால் பெலங்காசை வாலைப் பிடித்துத் தூக்குவது அதற்குத் தீங்கு செய்வதாகும்.

ஓட்டின் அடியில் ஆறு இணை உறுப்புகள் உள்ளன. முதல் இணை சிறியது. இரையைப் பற்றி வாயிடம் சேர்ப்பது. மற்ற ஐந்து இணைகளும் கால்கள். வாய் இருக்குமிடம்தான் வியப்புக்குரியது. அது கால்களுக்கு நடுவே அமைந்துள்ளது. அதற்குத் தாடை இல்லை. கால்களின் அடிப்பகுதியிலுள்ள முட்களே இரையை அரைத்துத் தருகின்றன. எனவே பெலங்காஸ் நடந்துகொண்டே மெல்லும் உயிர் எனலாம். கால்களுக்குப் பின்னால் ஏட்டின் பக்கங்களைப் போல அடுக்கடுக்காக அமைந்த செவுள்கள் உள்ளன.

நண்டா, தேளா?

சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் 1758-ஆம் ஆண்டில் அமெரிக்க வகைக்கு விலங்கியற் பெயர் சூட்டினார். கிரேக்கக் கதையில் வரும் பாலிபீமஸ் என்ற ஒற்றைக்கண் அரக்கனின் பெயரை அவர் அதற்கு இட்டார். அவர் அதனைச் சேர்த்த இனத்தின் பெயருக்கும் 'ஒற்றைக் கண்ணது' என்பதே பொருள். உண்மையிலோ இவ்வுயிருக்கு ஓட்டின் இரு பக்கங்களிலும் இரண்டு பெரிய கூட்டுக்கண்கள் உள்ளன. இவையன்றி ஒளியை உணரும் சிறு கண்களும் பல உள்ளன. பெயரிடுவதில் பேரறிஞரும் தவறுவர் என்பதை இது காட்டுகின்றதன்றோ?

அதன் பின்னரும் நூறு ஆண்டுகளுக்கு மேலாகப் பெலங்காசை நண்டின் உறவாகவே பலர் கருதி வந்தனர். 1881-ஆம் ஆண்டில் ஆங்கிலேய விலங்கியல் அறிஞர் ரே லங்கெஸ்டர் இக்கருத்தை மறுத்துக் கட்டுரை வெளியிட்டார். பெலங்காசையும் தேளையும் உறுப்புக்கு உறுப்பாக அவர் ஒப்பிட்டுக் காட்டினார். நண்டுக்கும் இறாலுக்கும் தலையில் உணர்கொம்புகள் உண்டு, பெலங்காசுக்கு இல்லை, தேளுக்கும் சிலந்திக்கும் இல்லை. நண்டுக்குத் தாடை உண்டு, இவற்றுக்கு இல்லை. பெலங்காசின் ஏட்டுச் செவுளும் தேளின் ஏட்டு நுரையீரலும் அமைப்பில் ஒன்றையொன்று ஒத்திருக்கின்றன. இவ்வாறு அவர் நிறுவிய பின்பு, பெலங்காஸ் சிலந்தி, தேள் ஆகியவற்றின் சுற்றம் என்பது தெளிவாயிற்று. இக்குடும்பத்தினுள் அதன் சரியான இடம் எது என்பதில் இன்றும் ஆராய்ச்சி நடைபெறுகின்றது. எனினும் அது நண்டினம் அன்று என்பதில் ஐயமில்லை.

காலத்தை வென்ற குலம்

கனடாவின் மானிட்டோபா மாநிலத்தில் கிடைத்த கற்படிவம் ஒன்றைப் பற்றி 2008-ஆம் ஆண்டில் அறிஞர்கள் எழுதினர். சுமார் 44 கோடியே 50 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த பெலங்காசின் உருவம் அக்கல்லில் பதிந்திருந்தது. டைனசோர்கள் தோன்றியது சுமார் 23 கோடி ஆண்டுகளுக்கு முன்னர்தான். அவற்றுள் பறவைகளின் குலம் நீங்கலாக ஏனையவை 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்பு அழிந்து போயின. அவை தோன்றுவதற்கு முன்பே இருந்து, அவை அழிந்த பின்பும் வாழ்ந்து வருவது பெலங்காசின் குலம்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. பெலங்காசை 'உயிருள்ள கற்படிவம்' என்று கூறும் வழக்கம் உண்டு. அதனைக் கேட்டு, அது சற்றும் மாறாமல் நின்றுவிட்டது என்று மாணவர்கள் கருதலாகாது. குலம் பழையது, இன்றுள்ள நான்கு வகைகளோ அத்துணைப் பழையவை அல்ல. புறவடிவம் பெரிதும் மாறவில்லை என்பதே சரியான கூற்று.

இவ்வுயிரின் வளர்ச்சி மிகவும் மெதுவானது. ஓடு வளராது; ஆகையால் உடல் வளர வளரப் பழைய ஓட்டைக் கழற்ற வேண்டும். ஓட்டின் முன்விளிம்பு பிளக்க, பெலங்காஸ் அவ்வழியே முன்னோக்கி வெளிவருகிறது. அமெரிக்க வகை இவ்வாறு 16 முதல் 18 முறை ஓடு மாற்றிய பின்னரே முதிர்ச்சி அடைகிறது. அதற்கு ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் ஆகின்றன. முதிர்ந்த பின், அமாவாசை, பௌர்ணமி நாட்களின் பெரிய கடலேற்றத்தில் பெண் கரைக்கு வருகிறது. ஆண் அதன் முதுகைப் பற்றிக்கொண்டு உடன் வருகிறது. மணலைத் தோண்டிப் பெண் முட்டைகளை இடுகிறது. மலேசியாவின் பகாங் மாநிலத்திலுள்ள பாலோக் கடற்கரை, கடற்கரைப் பெலங்காஸ் இவ்வாறு வந்து முட்டையிடும் இடங்களுள் ஒன்று.

ஆணும் பெண்ணும் இவ்வாறு பிரியாமல் செல்வதைக் கண்ட மலாய் மக்கள், இணைபிரியாதவரைப் 'பெலங்காஸ் போல' என்று கூறுவர். நாம் அன்றிற் பறவையைச் சொல்லுகிறோம்; அவர்கள் பெலங்காசைச் சொல்லுகிறார்கள்.

கண்ணை ஆராய்ந்தவர்கள்

அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாநிலத்தில் உட்ஸ் ஹோல் என்ற சிற்றூர் உள்ளது. அங்குள்ள கடல் உயிரியல் ஆய்வுக்கூடம் உலகப் புகழ் பெற்றது. அவ்வூர்க் கரையில் பெலங்காசுகள் எளிதாகக் கிடைத்தன. அவற்றின் கண் நரம்பை ஆராய முற்பட்டார் ஹால்டன் கெஃபர் ஹார்ட்லைன் என்ற அறிஞர்.

மனிதனின் கண் மிகவும் சிக்கலானது. அதன் நரம்பிழைகளைத் தனித்தனியே பிரித்து ஆராய்வது அக்காலத்தில் இயலாதிருந்தது. பெலங்காசின் கண்ணறைகள் பெரியவை. அதன் நரம்பிழைகளைப் பிரித்தெடுக்க முடிந்தது. 1932-ஆம் ஆண்டில் ஹார்ட்லைனும் கிளாரன்ஸ் கிரஹாம் என்பவரும் ஒரே ஒரு நரம்பிழையில் செல்லும் மின்துடிப்பைப் பதிவு செய்தனர். ஒளி மிகுந்தால் துடிப்பும் விரைந்தது. ஒளி குறைந்தால் துடிப்பும் தளர்ந்தது.

பின்னர் ஹார்ட்லைன் மற்றோர் உண்மையையும் கண்டார். ஒரு கண்ணறையில் ஒளி படும்போது, அது தன் பக்கத்து அறைகளின் துடிப்பைச் சற்று அடக்குகின்றது. இதனால் ஒளியும் நிழலும் சந்திக்கும் விளிம்பு மேலும் எடுப்பாகத் தெரிகின்றது. ஒரு பொருளின் உருவரையைக் கண் எவ்வாறு பிரித்தறிகிறது என்பதற்கு இது விளக்கம் தந்தது. இவ்வாராய்ச்சிக்காக 1967-ஆம் ஆண்டின் மருத்துவ நோபெல் பரிசு, ராக்னர் கிரானிட், ஜார்ஜ் வால்டு ஆகிய இருவரோடு அவருக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டது.

ஹார்ட்லைனின் வழியில் வந்தவர் ராபர்ட் பார்லோ. சிமெண்டினால் பெலங்காஸ் உருவங்களை வார்த்து, 1980-களின் தொடக்கத்தில் அவரும் அவருடைய துணைவர்களும் கடற்கரை நீரில் வைத்தனர். இரவில் வந்த ஆண் பெலங்காசுகள் அவ்வுருவங்களைப் பெண் என்று கருதி நாடின. துணையைத் தேட அவை கண்ணையும் பயன்படுத்துகின்றன என்பது இவ்வாறு தெரியவந்தது. மூளையிலிருந்து வரும் அறிகுறியால், இரவு வந்ததும் அவற்றின் கண்கூர்மை பல்லாயிரம் மடங்காகப் பெருகுகிறது என்பதும் பார்லோவின் ஆராய்ச்சியால் அறியப்பட்டது.

ஊசிக் காய்ச்சல்

கண்ணை விட்டு இனிக் குருதிக்கு வருவோம். அதற்கு முன் மருத்துவ உலகில் இருந்த ஒரு தொல்லையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஊசிவழி மருந்து செலுத்தும் முறை பரவத் தொடங்கிய காலத்தில், நோயாளிகள் சிலருக்கு ஊசி போட்ட சிறிது நேரத்தில் கடுங்காய்ச்சலும் நடுக்கமும் கண்டன. மருந்தும் நன்றாகக் கொதிக்க வைக்கப்பட்டிருந்தது, ஊசியும் அவ்வாறே. அப்படியிருந்தும் காய்ச்சல் ஏன் வந்தது என்பது விளங்கவில்லை. 1920-களில் அமெரிக்கப் பெண் அறிஞர் பிளாரன்ஸ் சைபெர்ட் இதனை ஆராய்ந்தார். குற்றம் மருந்தில் இல்லை, அதனைக் கரைக்கப் பயன்பட்ட வாலை வடிநீரில்தான் உள்ளது என்று அவர் கண்டார். அந்நீரில் இருந்த பாக்டீரியாக் கிருமிகள் கொதியில் மடிந்தன. ஆனால் அவை விட்டுச் சென்ற நச்சு மடியவில்லை.

இந்நச்சு சிலவகைக் கிருமிகளின் உறைச்சுவரின் ஒரு பகுதியாகும். இதனை 'உள்நச்சு' என்று கூறலாம். கிருமி இறந்தாலும் நச்சு நிலைத்திருக்கும். சாதாரணக் கொதியால் அழியாது. குருதியில் மிகச் சிறிதளவு சேர்ந்தாலே காய்ச்சல் வரும்; மிகுந்தால் குருதியழுத்தம் வீழ்ந்து உயிருக்கே கேடு நேரும்.

இதனைச் சோதிக்க முயல்களே பயன்பட்டன. மருந்தை முயலுக்கு ஊசிவழி செலுத்தி, அதன் உடற்சூடு ஏறுகிறதா என்று மணிக்கணக்கில் அளந்து பார்ப்பர். 1942-ஆம் ஆண்டில் அமெரிக்க மருந்து நூல் இச்சோதனையைக் கட்டாயமாக்கியது. அதன் பின் மருந்து செய்வோர் பெருந்தொகையான முயல்களை வளர்க்க வேண்டியதாயிற்று. காலமும் மிகுதியாகச் செலவாயிற்று.

உறைந்த நீலக்குருதி

பெலங்காசின் குருதி நீல நிறமானது. நம் குருதியில் உயிர்வளியை ஏந்திச் செல்லும் பொருளில் இரும்பு உள்ளது; அதனால் சிவப்பு. பெலங்காசின் குருதியிலுள்ள பொருளில் செம்பு உள்ளது. அதனால் காற்றுப் பட்டதும் நீலமாகிறது. நண்டுக்கும் கணவாய்க்கும்கூட இத்தகைய குருதி உண்டு. ஆகவே நீல நிறமன்று இதன் சிறப்பு.

சிறப்பு எது என்பதைக் கண்டவர் பிரெடரிக் பேங். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இம்மருத்துவ அறிஞர், உட்ஸ் ஹோல் ஆய்வுக்கூடத்தில் பெலங்காசின் உடலில் கடற்கிருமிகளைச் செலுத்திப் பார்த்தார். உடலில் ஓடிய குருதி கூழ்போல் உறைந்து போயிற்று. கிருமிகளைக் கொதிக்க வைத்துக் கொன்ற பின் செலுத்தினாலும் அவ்வாறே உறைந்தது. உயிருள்ள கிருமிக்கு மட்டுமன்றி, இறந்த கிருமியின் நச்சுக்கும் அக்குருதி அஞ்சியது. இதனை அவர் 1956-ஆம் ஆண்டில் வெளியிட்டார்.

பேங்கின் அழைப்பை ஏற்று 1960-களில் ஆராய்ச்சியில் சேர்ந்தார் ஜேக் லெவின் என்ற இளம் மருத்துவர். குருதியை உறையச் செய்யும் பொருள் முழுவதும் குருதியில் மிதக்கும் அணுக்களுக்குள்ளேயே அடங்கியிருப்பதை இருவரும் கண்டனர். அவ்வணுக்களைத் தனியே பிரித்து உடைத்து எடுத்த சாறு, உள்நச்சு பட்டவுடன் உறைந்தது. ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கினும் குறைந்த நச்சையும் அச்சாறு காட்டிக்கொடுத்தது.

இது ஏன் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். பெலங்காஸ் வாழ்வது கிருமிகள் நிறைந்த சேற்றில். அதன் குருதி நம் குருதியைப் போல நுண்ணிய குழாய்களுக்குள் மட்டும் ஓடுவதன்று. உறுப்புகளின் இடைவெளிகளில் பரந்து நிற்பது. ஓட்டில் ஒரு காயம் பட்டாலும் கிருமிகள் உடல் முழுவதும் பரவிவிடும். ஆகவே கிருமி புகுந்த இடத்திலேயே குருதியை உறைய வைத்து அதனைச் சிறைப்படுத்துவதே பெலங்காஸ் கொண்ட தற்காப்பு. தன் உயிரைக் காக்க அது கொண்ட கருவியையே மனிதன் தன் உயிரைக் காக்க எடுத்துக்கொண்டான்.

1977-ஆம் ஆண்டில் அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் இச்சாற்றுக்கு உரிமம் வழங்கத் தொடங்கியது. முயல்கள் பெரும்பாலும் விடுதலை பெற்றன. ஊசிமருந்து, தடுப்பூசி, குருதிக்குழாயில் ஏற்றும் உப்புநீர், உடலுக்குள் பொருத்தும் கருவி ஆகிய யாவும் பெலங்காசின் குருதிச்சாற்றால் சோதிக்கப்படலாயின. கோவிட் நோய்க்கான தடுப்பூசிகளும் உள்நச்சுச் சோதனைக்கு விலக்கல்ல.

உதவியின் விலை

முயல் பெற்ற விடுதலைக்கு விலை கொடுத்தது பெலங்காஸ். அமெரிக்கக் கிழக்குக் கரையில் ஆண்டுதோறும் ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்ட பெலங்காசுகள் பிடிக்கப்பட்டு, ஆய்வுக்கூடங்களில் குருதி எடுக்கப்பட்டுப் பின் கடலில் விடப்படுகின்றன. உடற்குருதியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு எடுக்கப்படலாம். விடப்பட்டவை யாவும் பிழைப்பதில்லை. நூற்றுக்குப் பதினைந்து இறக்கின்றன என்பது அங்குள்ள மீன்வளத் துறையினர் கொள்ளும் கணக்கு. முப்பது வரை இறக்கக்கூடும் என்று கூறும் ஆராய்ச்சிகளும் உண்டு.

குருதி எடுப்பது ஒன்றே குறையன்று. முற்காலத்தில் அமெரிக்கர்கள் பெலங்காசை இலட்சக்கணக்கில் அள்ளி உலர்த்தி வயலுக்கு உரமாக்கினர். 1990-களில் விலாங்கும் சங்கும் பிடிப்பதற்கு இரையாக அவற்றை மிகுதியாக வெட்டினர். அதன் விளைவு ஒரு பறவையின்மேல் விழுந்தது. 'ரெட் நாட்' எனப்படும் சிறிய உள்ளான் பறவை, தென்னமெரிக்காவின் தென்கோடியிலிருந்து வடதுருவப் பகுதி வரை ஆண்டுதோறும் பறந்து செல்வது. வழியில் டெலவேர் விரிகுடாவில் இறங்கிப் பெலங்காசின் முட்டைகளைத் தின்று வலுப்பெறும். முட்டை குறையவே பறவையும் குறைந்தது. 1980-களில் தொண்ணூறாயிரம் அளவில் அங்கே காணப்பட்ட அப்பறவைகள், 2000-களில் இருபதாயிரத்துக்கும் கீழே சென்றன. 2014-ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு அப்பறவையை ஆபத்துக்குள்ளான இனமாக அறிவித்தது. ஓர் இழையை அறுத்தால் வலை முழுவதும் தளரும் என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

ஆசியாவின் நிலை இதனினும் வருந்தத்தக்கது. ஜப்பானில் கசவோக்கா என்னும் ஊரின் கடற்கரையை, பெலங்காஸ் முட்டையிடும் இடம் என்பதற்காகவே 1928-ஆம் ஆண்டில் இயற்கை நினைவிடமாக அறிவித்தனர். பின்னர்க் கடலைத் தூர்த்து நிலமாக்கியபோது அவ்விடமே மறைந்தது. இன்று அவ்வூரில் பெலங்காசுக்கென ஓர் அருங்காட்சியகம் உள்ளது. அங்கே குஞ்சுகளை வளர்த்துக் கடலில் விடுகின்றனர். ஆசிய வகைகளைப் பற்றிப் பல்லாண்டுகள் உழைத்து, 1988-இல் பெருநூல் ஒன்றைப் பதிப்பித்த கொயிச்சி செக்கிகுச்சியும் ஜப்பானியரே. ஆசியாவின் முக்கூர் வகையை அழியும் நிலையிலுள்ள இனமென 2019-ஆம் ஆண்டில் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அறிவித்தது. 2021-ஆம் ஆண்டில் சீனா தன் கரையில் வாழும் பெலங்காசுகளைப் பாதுகாக்கப்பட்ட விலங்குகளின் பட்டியலில் சேர்த்தது.

கிராஞ்சிச் சேற்றிலிருந்து

இனி நாம் பெருமையோடு கேட்க வேண்டிய பகுதி வருகின்றது. பெலங்காசின் சுமையைக் குறைக்கும் வழியைக் கண்டவர்கள் சிங்கப்பூர் அறிஞர்கள். சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேராசிரியர் டிங் ஜியாக் லிங் அம்மையாரும், அவருடைய கணவர் ஹோ போவும்தாம் அவர்கள்.

1980-களின் நடுவில் செயற்கை முறைக் கருத்தரிப்பில் ஈடுபட்டிருந்த மருத்துவர் ஒருவர் இவர்களின் உதவியை நாடினார். கண்ணாடிக் குழாயில் வளர்த்த கருக்கள் நிலைக்கவில்லை. வளர்ப்பு நீரில் உள்நச்சு கலந்திருக்குமோ என்பது ஐயம். அதனைச் சோதிக்க வேண்டிய அமெரிக்கச் சாறு விலை மிகுந்தது. எனவே இருவரும் உள்ளூர்ப் பெலங்காசை நாடிக் கிராஞ்சி முகத்துவாரத்துச் சேற்றில் இறங்கினர். சிறிதளவு குருதி எடுத்த பின் அவற்றைத் திரும்பவும் கொண்டுபோய் விட்டனர்.

ஆனால் எத்தனை நாளைக்கு இப்படி எடுப்பது? சிறு தீவின் கரையில் உள்ள பெலங்காசுகள் எத்தனை? இக்கேள்வியே அவர்களை அடுத்த படிக்கு ஏற்றியது. அதற்குள் ஜப்பானின் கியூஷு பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் சடாக்கி இவானாகாவும் அவருடைய குழுவினரும், பெலங்காஸ் குருதி எவ்வாறு உறைகிறது என்பதைப் படிப்படியாக விளக்கியிருந்தனர். உள்நச்சை முதலில் உணர்வது 'சி காரணி' என்னும் புரதம். அது தூண்டப்பட்டதும் அடுத்த புரதத்தைத் தூண்டும், அது அதற்கடுத்ததை, இறுதியில் குருதி உறையும். வரிசையில் நின்று ஒருவரையொருவர் தட்டி எழுப்புவது போன்றது இச்செயல்.

முதற் காவலனான சி காரணியை மட்டும் ஆய்வுக்கூடத்திலேயே உண்டாக்க முடிந்தால், பெலங்காசைத் தொடவே வேண்டியதில்லை அன்றோ? டிங்கும் ஹோவும் கண்டற் பெலங்காசிலிருந்து அப்புரதத்துக்குரிய மரபணுவைப் பிரித்தெடுத்தனர். அதனை நொதி முதலிய நுண்ணுயிர்களுக்குள் வைத்துப் பார்த்தனர். புரதம் தோன்றியும் எதிர்பார்த்தபடி வேலை செய்யவில்லை. பின்னர்ப் பூச்சியின் உயிரணுக்களுக்குள் அம்மரபணுவைச் செலுத்தினர். பூச்சியும் பெலங்காசும் கணுக்காலிகள் என்ற பெருங்குடும்பத்தைச் சேர்ந்தவை. இம்முறை வெற்றி கிட்டியது. பூச்சியின் அணுக்கள் பெலங்காசின் புரதத்தைச் செய்து தந்தன. உள்நச்சு பட்டதும் இப்புரதம் விழித்தெழுந்து, உடன் சேர்க்கப்பட்ட ஒரு பொருளை வெட்டும். வெட்டுண்ட பொருள் ஒளிரும். ஒளியின் அளவே நச்சின் அளவு.

இணைபிரியாத இணைக்கு மலாய் மக்கள் உவமை கூறிய உயிரைக் காப்பதற்கு, கணவனும் மனைவியுமாக இருவர் உழைத்தது பொருத்தமான நிகழ்ச்சியே.

மெல்ல நகரும் உலகம்

இப்புதிய பொருள் 2003-ஆம் ஆண்டிலேயே விற்பனைக்கு வந்தது. ஆயினும் மருந்து உலகம் உடனே அதனை ஏற்கவில்லை. அதற்குக் காரணங்கள் இருந்தன. மருந்துச் சோதனையில் சிறு பிழையும் உயிரிழப்பில் முடியலாம். ஆகவே பழகிய முறையை மாற்ற அரசாங்கங்கள் தயங்கின. தொடக்கத்தில் அப்பொருளைச் செய்தது ஒரே ஒரு நிறுவனம். அந்நிறுவனத்துக்கு இடையூறு நேர்ந்தால் என்ன செய்வது என்ற அச்சமும் இருந்தது.

எனினும் உண்மை மெல்லமெல்ல இடம் பெற்றது. இம்முறையால் சோதிக்கப்பட்ட மருந்து ஒன்றுக்கு 2018-ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு ஒப்புதல் அளித்தது. ஐரோப்பிய மருந்து நூல் 2021-ஆம் ஆண்டுத் தொடக்கத்திலிருந்து இதற்கு இடம் தந்தது. அமெரிக்க மருந்து நூலும் 2024-இல் முடிவு செய்து, 2025-ஆம் ஆண்டு மே மாதம் முதல் இதனை முறைப்படி ஏற்றது. கிராஞ்சிச் சேற்றில் பிறந்த எண்ணம் உலக மருந்து நூல்களில் ஏறுவதற்கு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஆயின. ஆயினும், ஏற்பு வேறு, வழக்கம் வேறு. பழைய முறையைக் கைவிட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆகவே குருதி எடுப்பது இன்னும் நின்றுவிடவில்லை.

நம் பங்கு

இந்நாடுகளில் பெலங்காசைக் குருதிக்காகப் பிடிப்பதைவிட வேறு தொல்லைகளே மிகுதி. சேற்றுத்திடல்களும் கண்டல் காடுகளும் தூர்க்கப்படுகின்றன. கைவிடப்பட்ட மீன்வலைகளில் சிக்கி அவை மாள்கின்றன. சிங்கப்பூர் இயற்கைக் கழகத்தின் தொண்டர்கள் கிராஞ்சி, மண்டாய்ச் சேற்றுத்திடல்களில் இறங்கி, வலையில் சிக்கியவற்றை விடுவித்து, அளந்து, எண்ணிக் கணக்கு வைக்கின்றனர். மண்டாய்ச் சேற்றுத்திடலை இயற்கைப் பூங்காவாக்கும் முடிவை அரசாங்கம் 2018-ஆம் ஆண்டில் அறிவித்தது.

உணவாகவும் பெலங்காஸ் பயன்படுகிறது. ஜோகூரின் கோத்தா திங்கியில் அதன் முட்டை விருப்பமான உணவு. ஆனால் கண்டற் பெலங்காசில் சில வேளைகளில் கொடிய நஞ்சு இருக்கும். பேத்தை மீனில் உள்ள அதே நஞ்சு அது, சமைத்தாலும் அழியாது. தாய்லாந்தில் இதனைத் தின்று இறந்தவர்களும் உண்டு. வால் முக்கோணமா, உருண்டையா என்று பார்க்கத் தெரியாமை உயிரையே வாங்கக்கூடும். உயிரியல் அறிவு ஏட்டுச் சுரைக்காய் அன்று என்பதற்கு இது போதுமான சான்று.

ஆசிரிய அன்பர்கள் இதனை வகுப்பில் எடுத்துக் கூறலாம். 'நண்டுக்கு உணர்கொம்பு உண்டு, இதற்கு உண்டா?' என்று கேட்டு, படத்தைக் காட்டி மாணவரையே விடை காணச் செய்யலாம். லின்னேயசின் பிழையையும், லங்கெஸ்டரின் திருத்தத்தையும் சொல்லி, அறிவு வளர்வது பிழை திருத்தத்தால்தான் என்று உணர்த்தலாம். பெயரைப் பற்றியும் கேட்கலாம். நண்டு அல்லாததை நண்டென்று நாம் இன்னும் எத்தனை நாள் எழுதுவது? மண்ணின் மக்கள் தந்த பெலங்காஸ் என்ற சொல்லைத் தமிழிலும் வழங்கினால் பிழை குறையும். அண்டை மொழியோடு உறவும் வளரும். இதனினும் சிறந்த தமிழ்ச்சொல் காண வல்லவர் இருப்பின் அவர் முன்வருக.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்றை நினைவிற் கொள்ள வேண்டும். ஹார்ட்லைன் கண்ணை ஆராய்ந்தபோதும், பேங் குருதியை ஆராய்ந்தபோதும், அவ்வாராய்ச்சியால் உலகம் முழுவதும் ஊசிமருந்து தூய்மை பெறும் என்று எவரும் எதிர்பார்க்கவில்லை. பயனற்றது என்று நாம் ஒதுக்கும் ஓர் உயிரினுள் என்ன இருக்கிறது என்பது, அது அழிந்த பின் தெரியப்போவதில்லை. நாற்பத்து நான்கு கோடி ஆண்டுகளாகப் பேரழிவுகள் பலவற்றைத் தாண்டி வந்த குலம், நம் தலைமுறைகளில் நம் கரைகளில் மறைந்தது என்ற பழி நமக்கு வேண்டாம். நம் பிள்ளைகளின் கையில் ஏறும் ஊசிக்குக் காவல் நின்ற உயிருக்கு, ஒரு பிடி சேற்றையாவது நாம் விட்டுவைத்தல் கடமையாகும்.